அசல் அளவு

உங்கள் ஸ்டேஷன் வாசல் கதவில் 'இழுக்கவும்' என்று ஒட்டி வைத்திருக்கிறீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன், வந்தவர்கள் எல்லோரும் தள்ளித்தான் பார்த்தார்கள். ஒருவர் தோளையே கொடுத்துத் தள்ளினார். உங்கள் காவலர், "எழுதியிருக்குல்ல, படிக்கத் தெரியாதா?" என்று ஒவ்வொருவரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். வந்தவர்கள் மேல் தப்பில்லை, சார். கண்ணாடிக் கதவில், வெள்ளை நிறத்தில், மெலிந்த எழுத்தாகப் போட்டு, அதையும் கைப்பிடிக்கு ஒரு முழம் மேலே ஒட்டியிருக்கிறீர்கள். கதவைத் திறக்க வருகிறவன் கைப்பிடியைத்தான் பார்ப்பான். அதற்குப் பக்கத்திலேயே கறுப்பில் தடித்த எழுத்தாகப் போட்டால் காவலருக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சமாகும். வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. அண்ணி இறந்தது பற்றி நீங்கள் தயாரித்த அறிக்கையில் ஒரு வரி தவறாக இருக்கிறது. நேற்று அண்ணன் காட்டினார். வீட்டில் அண்ணனின் மருமகள், எல்லாம் தன் தவறு என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு வருகிறார்கள். அது வைத்தது வைத்தபடியே திரும்பி வருகிறது. அந்த வரி ஏன் தவறு என்று புரியவைக்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது குடும்பக் கம்பெனி. சத்து டானிக், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சோப்பு, தரை கழுவும் திரவம் என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் செய்கிறோம். அண்ணன் முதலாளி. நான் லேபிள். என்னை அப்படித்தான் சொல்வார்கள், "லேபிளைக் கேளு" என்று. லேபிள், அட்டைப் பெட்டி, கடையில் தொங்கவிடும் விளம்பரத் தாள், விலைப் பட்டியல் என்று அச்சுக்குப் போகிற எதுவும் என் மேஜையைத் தாண்டாமல் போகாது. எழுத்துக்களை வாங்கிப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, கையால் வரைவேன். டானிக்குக்கு உருண்டு திரண்ட எழுத்து. வாய்க்குள் போகிற பொருள், பார்த்தால் பயம் வரக்கூடாது. தரைத் திரவத்துக்குச் சிவப்பில், முனையெல்லாம் கூராக, முள்ளு முள்ளாக நிற்கிற எழுத்து. படிக்கத் தெரியாத குழந்தைகூட அந்தப் பாட்டிலைக் கண்டால் கையை இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் பெருமை பீற்றிக்கொள்கிறேன் என்பார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். யாரும் லேபிளைப் படிப்பதில்லை. அடையாளம் கண்டுகொள்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பற்பசையில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. ஆனால் கடையில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பீர்கள். எழுத்தின் உடல் வாகு, அதன் தடிமன், அது நிற்கும் இடம், அதைச் சுற்றி விட்டிருக்கும் வெற்றிடம், இவைதான் பேசுகின்றன. சொல் என்பது அப்புறம்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அம்மா அப்போதே இல்லை. என் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தது அண்ணிதான். அதன் மேல் என் பெயரை நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "அச்சடிச்ச மாதிரி இருக்குடா" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணி கையால்தான் இத்தனை வருஷமும் சாப்பிட்டேன். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

அண்ணன் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். கெட்டிக்காரி. கம்பெனிகளுக்கு முகம் மாற்றிக் கொடுப்பதைப் படித்துவிட்டு, பெரிய இடங்களில் வேலை செய்துவிட்டு வந்தவள். வந்த கொஞ்ச நாளிலேயே கூடத்துச் சுவரில் படம் ஓட்டிக் காட்டினாள். குடும்பமே உட்கார்ந்திருந்தது. எங்கள் சரக்கையெல்லாம் ஒரே அலமாரியில் அடுக்கிப் படம் எடுத்திருந்தாள்.

"பாருங்க மாமா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் இழுக்குது. ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரியே இல்ல. ஆளாளுக்கு மைக்கப் புடுங்கிப் பேசுற மாதிரி இருக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கோச்சுக்காதடா, அவ சொல்றது நெஜமாத்தான் இருக்கு" என்றார். நானும் சிரித்தேன். அதில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்வதற்குக் காரணம், அன்று யார் யார் இருந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதுதான்.

மருமகளுடைய யோசனை எளிமையானது. எல்லாச் சரக்குக்கும் ஒரே பாட்டில், ஒரே மூடி, வெள்ளை லேபிள். மேலே பெரிதாகக் கம்பெனிப் பெயர், கீழே சின்னதாக, சாம்பல் நிறத்தில், மெலிந்த எழுத்தில் சரக்கின் பெயர். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பழைய எழுத்தையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். கம்பெனிப் பெயரை மட்டும் புது மாதிரிக்கு ஏற்ப நான் வரைந்து தர வேண்டும் என்று கேட்டாள். "உங்க கை இல்லாம எப்படி, சின்ன மாமா" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னது. பச்சைக் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல். வரைந்து கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே சுத்தமான எழுத்து அது.

அவள் கெட்டிக்காரி என்று சொன்னேன் அல்லவா. தரைத் திரவத்துக்கு மட்டும் முன்பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டை போட்டு, 'குடிக்கக் கூடாது' என்று தடித்த எழுத்தில் வைத்திருந்தாள். அறிக்கையில் இது இல்லை. அவளும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கே இப்போது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. அந்தப் பட்டையை எடுக்க வைத்தது நான்.

"ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு நீதானம்மா சொன்னே. ஒரு பிள்ளைக்கு மட்டும் நெத்தியில சூடு போட்ட மாதிரி இருக்கே" என்றேன்.

"இல்ல சின்ன மாமா, இது ஆபத்தான சரக்கு. இது இருக்கட்டும்."

"எச்சரிக்கை வேண்டாம்னு யாரு சொன்னா? பக்கவாட்டுல போட்டுக்கலாம். நல்லா தெரியற மாதிரி நான் போட்டுத் தரேன். எத்தனை வருஷமா இதத்தானே பண்றேன்."

அவள் யோசித்தாள். என்னை அவமானப்படுத்திவிட்டோமோ என்ற உறுத்தல் அவளுக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. சரி என்று சொல்வதற்கு அது போதுமாக இருந்தது.

பக்கவாட்டு எழுத்தை நான் மிகவும் கவனமாகச் செய்தேன். ஒரு விளம்பரத்தைப் படிக்க வைப்பதற்கு என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறேனோ அத்தனையையும் திருப்பிப் போட்டேன். எச்சரிக்கையைத் தனி வரியாக வைக்காமல், தயாரிப்பாளர் முகவரிக்கும் புகார் தொலைபேசி எண்ணுக்கும் நடுவில் ஓட விட்டேன். வரிகளை நீளமாக்கி, வரிக்கும் வரிக்கும் இடையில் மூச்சு விட இடம் இல்லாமல் நெருக்கினேன். பக்கவாட்டை மட்டும் வெள்ளி நிறமாக்கி, அதன் மேல் வெளிர் சாம்பல். எங்கும் தடிமன் இல்லை, கண் தடுக்கி நிற்க ஒரு மேடு இல்லை. சட்டம் சொல்கிற அளவுக்குக் குறையாமல்தான் வைத்தேன், நீங்கள் அளந்து பார்க்கலாம். வலது கையால் பாட்டிலைப் பிடித்தால் உள்ளங்கை எங்கே படியும் என்று கையில் மை தடவிப் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் வைத்தேன்.

ஒப்புதலுக்கு மருமகளிடம் கொண்டுபோனபோது அதைப் பெரிதாக்கி அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக் காட்டினேன். ஆள் உயரத் தாளில் எந்த எழுத்தும் நன்றாகத்தான் தெரியும். லேபிளை அசல் அளவில் கையில் பிடித்துப் பார்க்காமல் சரி சொல்லக் கூடாது, இந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. அச்சகத்தில் பழகியவன் அந்தத் தவறைச் செய்ய மாட்டான். திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே வளர்ந்தவர்கள் செய்வார்கள். அவள் சுவருக்கு முன்னால் நின்று ஒரு சொல் விடாமல் படித்தாள். "சூப்பர், சின்ன மாமா" என்று மூலையில் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அப்போது அவள் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

அச்சகத்துக்காரர் பழைய ஆள். முதல் தாள் வந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னங்க இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. நீங்களா போட்டீங்க?"

"மருமக இப்படித்தான் வேணும்னு சொல்லிட்டா. நான் என்ன பண்றது, காலம் அவங்களோடது."

அவர் உச்சுக் கொட்டிவிட்டு இயந்திரத்தை ஓட்டினார். நான் சொன்னது பொய். அங்கே அந்தப் பொய் தேவைப்பட்டது. இப்போது அதுதான் எனக்கே வினையாக வந்து நிற்கிறது.

நீங்கள் நினைப்பது புரிகிறது. கடைக்குப் போக விட்டிருந்தால் எங்கேயோ யாரோ குடித்திருப்பார்கள், புது லேபிளின் லட்சணம் தானாகத் தெரிந்திருக்கும். நானும் அப்படித்தான் முதலில் யோசித்தேன். ஆனால் வெளியாள் ஒருவருக்கு ஏதாவது ஆனால் வழக்கு, பத்திரிகை என்று கம்பெனியே குட்டிச்சுவராகிவிடும். அண்ணன் பாடுபட்டு வளர்த்தது. எத்தனை குடும்பங்கள் அதை நம்பிப் பிழைக்கின்றன. வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டால் சரக்கு கடைக்குப் போகாமல் நின்றுவிடும், புது லேபிள் மட்டும் ஒழிந்துபோகும். அண்ணன் சர்க்கரை நோயாளி, டானிக் தொட மாட்டார். அண்ணன் மகன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதில்லை. தினமும் சாப்பிட்டதும் டானிக் குடிக்கிறவர் அண்ணி ஒருவர்தான். அவருக்குக் கண்ணில் புரை வேறு, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சியது அவர்.

புது பாட்டில்கள் மாதிரிக்கு வீட்டுக்கு வந்தன. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் உள்ள அலமாரித் தட்டில் டானிக், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தரைத் திரவம். நான் செய்தது இடம் மாற்றி வைத்தது மட்டும்தான். இரண்டிலும் அளவுகூட ஒன்றுதான். டானிக் வேளைக்கு ஒரு மூடி, தரைத் திரவம் வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அப்படி அமைந்திருந்தது.

மதியம் சாப்பிட்டு முடித்தோம். மருமகள் மாடியில் வேலையாக இருந்தாள். நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி பாட்டிலை எடுத்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். அவருடைய கண் பக்கவாட்டுக்குப் போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் செய்கிறவனுக்கு அந்த ஆசை இருக்கும், தான் போட்ட எழுத்தை ஒருத்தர் எப்படிப் பார்க்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்க யாருக்கு வாய்க்கிறது? அவர் கண் போகவில்லை. கை அந்த இடத்தை மூடியிருந்தது.

"இதான் புதுசா?" என்று கேட்டார்.

"ஆமா, அண்ணி."

"உனக்கும் ஒரு மூடி ஊத்தட்டுமா? ரொம்ப இளைச்சுப் போயிட்டே."

"வேண்டாம் அண்ணி, நீங்க குடிங்க."

டானிக் கசப்பு என்று அவர் எப்போதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில்தான் விழுங்குவார். அன்றும் அப்படித்தான். நான் பேப்பரை மடித்து வைத்தேன். நடந்த மற்றதெல்லாம் உங்கள் அறிக்கையில் சரியாக இருக்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னது நான்தான், அதுவும் சரி. கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன். பாட்டில்களை மறுபடி மாற்றி வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வைக்காமல் விட்டதுதான் நல்லது என்று பட்டது. மாற்றி வைத்தால் லேபிளில் குறை என்று எப்படித் தெரியும்?

சத்தம் கேட்டு மருமகள் ஓடிவந்து பாட்டிலைக் கையில் எடுத்தாள். அன்றுதான் அவள் அந்த லேபிளை முதன்முதலாக அசல் அளவில் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எச்சரிக்கையைத் தேடினாள். கண்டுபிடிக்க அவளுக்கே நேரம் பிடித்தது. கண்டுபிடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் பாக்கலையே சின்ன மாமா, கையெழுத்துப் போட்டேனே, நான் பாக்கலையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "விடும்மா, யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். அண்ணன் மகன் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. அண்ணன் அவள் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை. உங்களிடம் வந்து அவளாகவே குற்றத்தை ஏற்றுக்கொண்டதையும் அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

இரங்கல் அட்டையை நான்தான் போட்டேன். டானிக்குக்கு வரைந்த அந்தப் பழைய உருண்டை எழுத்தில் அண்ணியின் பெயரை வைத்தேன், சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டு. வந்தவர்கள் எல்லோரும் அட்டை நன்றாக இருக்கிறது என்றார்கள். காரியங்கள் முடிந்த பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "பழைய லேபிளயே போடுடா. உன்னப் பாத்து அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். மாடிப்படிக்கு அடியில் இருந்த பெட்டியை அவரே இழுத்துக் கொடுத்தார். இனி வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கே வரும் எண்ணமே இல்லை.

நேற்று அறிக்கையின் பிரதியைப் பார்த்தேன். 'பக்கவாட்டு எழுத்து உட்பட லேபிள் முழுவதையும் வடிவமைத்தவர்' என்று போட்டு, அதற்கு நேரே மருமகளின் பெயர். அவளும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. அவளுக்கு அந்த வரிகளை அப்படி நெருக்கத் தெரியுமா? உள்ளங்கை எங்கே படியும் என்று தெரியுமா? வெள்ளிக்கு மேல் எந்தச் சாம்பல் பகல் வெளிச்சத்தில் மறையும் என்று எத்தனை தாள் அடித்துப் பார்த்தேன் நான். சிவப்புப் பட்டை போட்டவள் அவள். அதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவள். அவள் ஜெயிலுக்குப் போகிறாளா வருகிறாளா என்பது உங்கள் பாடு. ஒருத்தன் வேலையை இன்னொருத்தி பெயரில் போடுவது நியாயமில்லை. அந்தப் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். அதற்குத்தான் வந்தேன்.

சாட்சி யார் என்று கேட்பீர்கள். அண்ணிதான். ஆஸ்பத்திரியில் குரலே எழும்பாமல் கிடந்தார். என்னை மட்டும் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். அவரால் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச முடிந்தது.

"ருசி... வேறயாத்தான் இருந்துச்சுடா. துப்பிடலாம்னு பாத்தேன். மேல உன் எழுத்து இருந்துச்சு... நீ போட்டது தப்பா இருக்காதுன்னு முழுங்கிட்டேன்."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், சார்? புரை விழுந்த கண்ணோடு, அது என் எழுத்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அண்ணி சிரிக்கவில்லை.